பங்காளியின் உள்ளங்கை

தோர்மர் அந்தக் குட்டிகளைக் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதை ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. ஊர் என்றால் எங்கள் பள்ளத்தாக்கு. செப்டம்பரில் மலையிலிருந்து செம்மறிகளை இறக்கிக் கல்பட்டியில் அடைத்துப் பிரிக்கிற நாளில் படுக்கையில் கிடப்பவர்களைத் தவிர எல்லோரும் அங்கேதான் இருப்போம். நடுவில் பெரிய வட்டம், சுற்றிலும் பண்ணைக்கு ஓர் அறை. எந்த ஆடு எந்த அறைக்குப் போகவேண்டும் என்பதை அதன் காதில் போட்ட வெட்டுதான் சொல்லும்.

மேட்டுப்பண்ணை கௌதியின் குறி வலது காது நுனி மொட்டை, இடது காதின் முன்பக்கம் ஒரு வெட்டு. ஆற்றுப்பண்ணை தோர்மரின் குறியும் அதேதான், கூடவே இடது காதின் பின்பக்கமும் ஒரு வெட்டு. இருவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். அவர்களுடைய அப்பன்மார் நிலத்தைப் பாகம் பிரித்தபோது குறியையும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஒரு வெட்டு வித்தியாசம் வைத்துக்கொண்டால் போதாதா என்று அன்றைக்கு நினைத்திருப்பார்கள்.

அந்த வசந்தத்தில் கௌதியின் வலது கை சரியில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் இரண்டு மூன்று வருடமாகவே உள்ளங்கையைப் பார்த்து மடங்கிக்கொண்டு வந்தன. கத்திப்பிடி உள்ளே நுழைய அந்த விரல்கள் இடம் தராததால் மற்ற விரல்களால் கத்தியை இடுக்கிக்கொண்டு குட்டிகளுக்குக் காது வெட்டினான். குட்டி துள்ளினால் கத்தியும் துள்ளியது. பத்துப் பன்னிரண்டு குட்டிகளுக்குக் காதின் பின்பக்கமும் வெட்டு விழுந்துவிட்டது. எல்லா ஆட்டுக்கும் போடுகிற, பண்ணை எண் பதித்த பிளாஸ்டிக் காதுத்தகடு அந்த வருடம் தாமதம். அது வந்து சேர்வதற்குள் குட்டிகள் தாயோடு மலை ஏறிவிட்டன.

"தோர்மர், அது என் குட்டி" என்றான் கௌதி. "தாயைப் பாரு, பின்னாலயே கத்திக்கிட்டு நிக்குது. அதோட காதையும் பாரு."

"தாய் காதை நான் எதுக்குப் பாக்கணும்? குட்டி காது என்ன சொல்லுது? பின்னாடி வெட்டு இருக்கா, இல்லையா?"

"கை தவறிடுச்சுடா. உனக்கே தெரியும்."

"உன் கை தவறினா என் குறி என்ன பண்ணும்?" தோர்மர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "இனிமே வருஷா வருஷம் எனக்குச் சீர் செய்யறதுன்னு முடிவு பண்ணிட்டான் போல. பங்காளின்னா இப்படி இருக்கணும்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். கௌதி கையை ஓங்கிக்கொண்டு போனான். ஓங்கிய கையில் இரண்டு விரல் மடங்கியே இருந்தது. தோர்மர் நகரவில்லை.

"என்ன, குத்தப் போறியா? குத்து. நாளைக்குப் போலீஸ்காரன் வந்து காப்பி குடிச்சிட்டு உன்னைக் கூட்டிட்டுப் போவான். அறையணும்னு ஆசையா இருந்தா முதல்ல விரலை நிமித்திட்டு வா. அது வரைக்கும் நான் கன்னத்தைக் காட்டிக்கிட்டுக் காத்திருக்கேன்."

இந்தத் தடவை சிரித்தது நாலைந்து பேர் இல்லை. பாதிப் பட்டி சிரித்தது.

அந்த மாலை நான் மேட்டுப்பண்ணைக்குப் போனேன். பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவள் நான். கௌதி, தோர்மர், நான் மூன்று பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அதனால் எந்த வீட்டுச் சமையலறைக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே நுழைகிற உரிமை எனக்கு உண்டு. கௌதியின் மனைவி ஸ்வாலா ஆட்டு இரைப்பையைப் பை மாதிரி வெட்டி ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். ரத்தமும் தானிய மாவும் கொழுப்பும் பிசைந்து அதில் நிரப்பி வேகவைத்தால் குளிர்காலம் முழுக்க ரத்தப்புட்டுக்குக் குறைவில்லை. வெளியே மழையும் பனியும் கலந்து ஜன்னலில் அடித்தது. கௌதி மேசையில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவப் பார்த்துக்கொண்டிருந்தான். வெண்ணெய்க் கத்தி கை நழுவி விழுந்தது.

"குடு இப்படி." ஸ்வாலா ரத்தக் கையைத் துடைத்துவிட்டு ரொட்டியைப் பிடுங்கினாள். "முகம் கழுவத் தெரியலை, விரல் போய்க் கண்ணைக் குத்துது. பாக்கெட்டுல கை போகலை. கையுறை போகலை. இப்போ ஊர் முன்னாடி மானமும் போச்சு. அவன் குட்டியைத் தூக்கிட்டுப் போனதுகூடப் பரவாயில்லை. சிரிச்சாங்களே, அதை நான் என்ன பண்ணுவேன்?"

"சட்டப்படி அவன் சொன்னது சரிதான்" என்றேன். சொன்னதும் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"சட்டமா? ரூனா, அவங்க அப்பன் ஏகில் நெஞ்சுவலியில விழுந்து கிடந்தப்ப ஒரு மாசம் அவங்க ஆட்டுக்கெல்லாம் புல்லு போட்டது யாரு? இந்த மனுஷன். அப்ப எந்தச் சட்டத்தைப் பார்த்தான்?" ஊசியை இரைப்பையில் குத்தி இழுத்தாள். "விரலை நிமித்திட்டு வான்னு சொன்னான்ல? நிமித்து. நிமித்திட்டுப் போய் அவன் கன்னத்துல வை. ஊரே சிரிச்ச அதே இடத்துல வை. அது வரைக்கும் இந்த வீட்ல எனக்குத் தூக்கம் கிடையாது."

"கத்தி வைக்க மாட்டேன்" என்றான் கௌதி. "சித்தப்பாவைப் பார்த்தல்ல?"

ஏகில் கிழவனைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. இந்த விரல் மடங்குகிற நோய் அந்த வம்சத்தில் ஓடுகிறது. கிழவன் தலைநகருக்குப் போய் அறுத்துக்கொண்டு வந்தான். தழும்பு இறுகி மோதிர விரல் ஆணி மாதிரி நட்டுக்கொண்டு நின்றுவிட்டது. வேலிக்கம்பியில் மாட்டும், வாளிப் பிடியில் மாட்டும். கடைசியில் அவனே போய் அந்த விரலை எடுத்துவிடச் சொன்னான். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு ஆஸ்பத்திரிக் கத்தி என்றாலே ஈரக்குலை நடுங்கும். தோர்மருக்கும்தான்.

"கத்தி இல்லாம இப்போ ஊசி இருக்கு" என்றேன். பள்ளிக்கூட ஆசிரியையின் கணவன் போட்டுக்கொண்டதைச் சொன்னேன். மாதம் ஒருமுறை தெற்கிலிருந்து கை, விரல் சிகிச்சை செய்கிற ஒரு மருத்துவர் அகுரேய்ரி ஆஸ்பத்திரிக்கு வருகிறாள், முதல் நாள் உள்ளங்கையில் ஊசி, மறுநாள் விரலைப் பிடித்து இழுக்கிறாள், விரல் நிமிர்ந்துவிடுகிறது.

ஸ்வாலா தையலைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

தேதி பிப்ரவரியில்தான் கிடைத்தது. ஸ்வாலா ஆடுகளை விட்டு வர முடியாது, ஊசி போட்ட கையோடு கௌதி வண்டி ஓட்ட முடியாது. நான் ஓட்டினேன். மலைக்கணவாயில் பனிப்புகை. சாலையோர மஞ்சள் குச்சிகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் போனோம். வழியெல்லாம் கௌதி முழங்காலில் கையை வைத்து விரலைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மருத்துவரின் பெயர் சோல்வெய்க். உயரமான, அவசரமே இல்லாத பெண். கௌதியின் கையை மேசைமேல் கவிழ்த்து வைக்கச் சொன்னாள். கை படியவில்லை, அடியில் முட்டையே உருளும் போல இருந்தது. பிறகு திருப்பி, உள்ளங்கையில் தோலுக்கடியில் புடைத்து ஓடிய கயிற்றைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தாள்.

"எல்லாரும் இதை நரம்பு இழுக்குதுன்னு சொல்வீங்க. நரம்பும் இல்லை, தசைநாரும் இல்லை. தோலுக்கும் தசைநாருக்கும் நடுவுல ஒரு சவ்வு. அது தழும்பு மாதிரி தடிச்சுக் கயிறாயிடுச்சு. நான் போடற மருந்து அந்தக் கயிறைத் தின்னும். கயிறைத் தாண்டிப் போச்சுன்னா தசைநாரையும் தின்னும், அதனால ஊசி உள்ள இருக்கறப்ப அசையாதே. சரி, உனக்குக் கை எதுக்கு வேணும்?"

"எதுக்குன்னா?"

"எல்லார்கிட்டயும் கேப்பேன். ஒருத்தன் பியானோம்பான், ஒருத்தன் பேரப்பிள்ளைக்கு ஜடை போடணும்பான்."

"ஒருத்தனை அறையணும்" என்றான் கௌதி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோல்வெய்க் தலையை நிமிர்த்தவில்லை. "எந்தக் கன்னம்?"

"இடது கன்னம்."

"அப்போ நாலு விரலும் நிமிரணும். பண்ணை வேலைன்னு எழுதிக்கறேன்." மருந்துக் குப்பியைக் குலுக்காமல் மெல்லச் சுழற்றினாள்.

"இந்த மருந்தை எதுலேருந்து எடுக்கறாங்க?" என்று கேட்டேன். சும்மா இருக்க முடியவில்லை.

"மண்ணுல இருக்கற ஒரு கிருமி. அது கக்கற நொதிதான் இது."

"செத்த ஆட்டை அழுக வைக்கிற கிருமியா?" என்றான் கௌதி.

"அதுக்குச் சொந்தக்காரன்னு வெச்சுக்கோ."

"நல்லது. எனக்கு வேண்டியதும் அந்த மாதிரிச் சொந்தக்காரன்தான்."

ஊசி ஏறும்போது கௌதி பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். அன்று மாலைக்குள் கை வீங்கிக் கறுத்து முழங்கைவரை நிறம் மாறிவிட்டது, அக்குளில் நெறி கட்டியது. என் தங்கை வீட்டில் தங்கினோம். தலையணைமேல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, இந்த மருந்துக்காரி என்னைக் கொன்றுவிட்டாள் என்று முனகினான்.

மறுநாள் மரத்துப்போக ஒரு ஊசி போட்டுவிட்டு, மருத்துவர் மோதிர விரலைப் பிடித்துப் பின்பக்கமாக அழுத்தினாள். காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருகிற சத்தம் கேட்டது. சுண்டு விரலுக்கு இன்னொரு சத்தம். மடிப்பில் தோல் லேசாகக் கிழிந்து ரத்தம் கசிந்தது. மேசைமேல் கையை வைக்கச் சொன்னாள். வீங்கிப்போய், நீலம் பாரித்து, அருவருப்பாக இருந்த அந்தக் கை தட்டையாகப் படிந்தது.

கௌதி அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ராத்திரியில நாலு மாசம், விரல் மறுபடி மடங்காம இருக்க, மட்டையைக் கட்டிக்கிட்டுத் தூங்கணும்" என்றாள் சோல்வெய்க். "இன்னொண்ணு. இது ரத்தத்துல வர்றது. உன் சொந்தத்துல யார் யாரு?"

"ஒரு பங்காளி. ஒரு பொண்ணு. அவ்வளவுதான்."

"ரெண்டு பேரையும் கையை மேசைமேல வெச்சுப் பாக்கச் சொல்லு. படியலைன்னா உடனே அனுப்பு. வர்ற எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்றேன். அடுத்த குளிர்காலத்தோட இந்த மருந்து நம்ம பக்கம் வராது, கம்பெனி நிறுத்தப்போகுது. அப்புறம் பழையபடி கத்திதான்."

"ஏன் நிறுத்தறாங்க?"

"வியாபாரம் அவங்களோடது. என்னைக் கேட்டா நிறுத்தறாங்க?"

"பொம்பளைங்களுக்கும் வருமா இது?"

"குறைச்சல். வராதுன்னு இல்லை."

திரும்பி வரும்போது அந்தப் பேச்சை நான் எடுத்தேன். கௌதிக்கும் ஸ்வாலாவுக்கும் ஒரே மகளான டீசா தலைநகர் ரேக்யாவிக்கில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள், நாற்பதைத் தொடப்போகிறாள். "டீசாகிட்ட சொல்லிடு" என்றேன்.

"அவ கைக்கு என்ன? நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடிக்கிற கை. எங்க குடும்பத்துல பொம்பளைங்களுக்கு வந்ததே இல்லை." கறுத்த கையைக் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பிடித்து விரல்களை விரித்தான். "ரூனா, இங்க பாரு. அஞ்சு விரலும் தெரியுது."

அந்த வசந்தத்தில் அவன் காது வெட்டிய குட்டிகளில் ஒன்றுகூடப் பிசகவில்லை. கோடையில் புல் அறுத்து உருளையாகச் சுருட்டி வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றி வயலோரம் அடுக்கியபோது, நான் வண்டியில் போகும்போதெல்லாம் பார்ப்பேன், கௌதி ஒரு உருளை முன்னால் நின்று காலை அகட்டிக்கொண்டு அறைந்துகொண்டிருப்பான். பளார் என்ற சத்தம் ஆற்றைத் தாண்டிக் கேட்கும். ஆற்றைத் தாண்டினால் தோர்மரின் வீடு.

"தோளை உபயோகப்படுத்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டாதே" என்று ஸ்வாலா வாசலிலிருந்து கத்துவாள்.

செப்டம்பர் வந்தபோது ஊருக்கே விஷயம் தெரியும். அன்றைக்குப் பட்டியில் இருந்த கூட்டம் எந்த வருடமும் இருந்ததில்லை. அடுத்த பள்ளத்தாக்கிலிருந்தெல்லாம் குதிரையில் வந்திருந்தார்கள். வடக்குக் காற்று எலும்பைத் துளைத்தது, கம்பளிச்சட்டையெல்லாம் ஈரம், ஆடுகளின் ஆவி மேலே எழுந்தது. சாராயக் குப்பி கைமாறிக்கொண்டே இருந்தது. பாட்டுப் பாடுகிறவர்கள்கூட ஒரு கண்ணை மேட்டுப்பண்ணை அறைமேல் வைத்துக்கொண்டுதான் பாடினார்கள். ஸ்வாலா கல்சுவரின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கௌதி வலது கையுறையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தான். நேரே நடந்தான். ஆடுகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. பாட்டு நின்றுவிட்டது.

தோர்மர் முட்டாள் இல்லை. கோடை முழுக்க அந்தப் பளார் சத்தத்தைக் கேட்டவன் அவன். கௌதி கை தூக்குவதற்கு முன்னாலேயே தன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினான். ஊருக்குக் கேட்கிற மாதிரி பேசினான்.

"கௌதி, போன வருஷம் நான் பண்ணினது பங்காளி பண்ற வேலை இல்லை. கிடாக்குட்டியெல்லாம் கறிக்குப் போயிடுச்சு, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. பெட்டைக்குட்டிங்களை வளர்க்க விட்டேன். இன்னிக்கே உன் அறைக்கு ஓட்டிக்கோ. எல்லாரும் சாட்சி."

நீட்டிய கையை விட்டுவிட்டுக் கன்னத்தில் அறைய எந்த மனிதனால் முடியும்? கௌதி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் சுவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன், அவன் தாடை அசைந்தது தெரிந்தது. பிறகு கையைக் கொடுத்தான்.

கொடுத்தவன் விடவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தான். தோர்மர் லேசாக முகம் சுளித்தான்.

"மெதுவாடா. அங்க காய்ப்புக் காய்ச்சிருக்கு. நாலுசக்கர பைக் ஓட்டி ஓட்டி."

"ஆமா, காய்ப்புதான்" என்றான் கௌதி. "ஆட்டுக்கொழுப்பைத் தேய். போயிடும்."

கூட்டம் கைதட்டியது. யாரோ மறுபடி பாட்டை எடுத்தார்கள். சுவர்மேல் பார்த்தேன், ஸ்வாலா இறங்கிப் போயிருந்தாள்.

அந்த மாலைச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கறிசூப்புக் கொதிக்கிற வாசனை வாசல்வரை வந்தது. டர்னிப், உருளைக்கிழங்கு, எலும்போடு ஆட்டுக்கறி. ஸ்வாலா எனக்கு ஊற்றினாள், தனக்கு ஊற்றிக்கொண்டாள். கௌதியின் தட்டு காலியாகவே இருந்தது.

"உன் பங்காளி வீட்ல போய்ச் சாப்பிடு" என்றாள். "ஒரு வருஷம். ஒரு வருஷமா காத்திருந்தேன், நாலு மாசம் இந்த ஆளுக்கு ராத்திரி ராத்திரி மட்டை கட்டிவிட்டேன் ரூனா. எதுக்கு? போய்க் கை குலுக்கிட்டு வர்றதுக்கு. நான் சுவத்து மேல உட்கார்ந்திருக்கேன், அடுத்த பள்ளத்தாக்குக்காரியெல்லாம் என்னைப் பாத்துப் பல்லைக் காட்டறா."

"ஆடு திரும்பி வந்துச்சுல்ல" என்றேன்.

"எனக்கு ஆடா வேணும்?"

கௌதி சூப்புப் பானையையே பார்த்துக்கொண்டு சொன்னான். "அவனுக்கு வந்துடுச்சு."

"என்ன வந்துடுச்சு?"

"கயிறு. உள்ளங்கையில. என் விரலுக்குக் கீழ நெருடுச்சு. மோதிர விரல் முழுசா நிமிரலை. எனக்கு ஆரம்பிச்சப்ப எப்படி இருந்துச்சோ அதே மாதிரி. அவன் காய்ப்புன்னு நினைச்சிட்டிருக்கான்."

ஸ்வாலா கரண்டியோடு நின்றாள். "நீ என்ன சொன்ன?"

"காய்ப்புதான்னு சொன்னேன். கொழுப்புத் தேய்க்கச் சொன்னேன்." இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "மருந்து குளிர்காலம் வரைக்கும்தான். அவன் விரல் மடங்கி அவனுக்குப் புத்தி வர்றப்ப மருந்து இருக்காது. கத்திதான் இருக்கும். அப்பன் விரலைப் பார்த்தவன், கத்திகிட்டப் போகமாட்டான். அப்படியே மடங்கட்டும்."

ஸ்வாலா சிரிக்க ஆரம்பித்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒரு அறை அறைஞ்சா நாளைக்கு ஆறிடும். இது சாகிற வரைக்கும் ஆறாது. நான் உன்னை என்னமோன்னு நினைச்சேன்!" பானைக்குள் துழாவி நெஞ்செலும்புக் கறியாகப் பார்த்து எடுத்து அவன் தட்டில் போட்டாள்.

"சொல்லிடு கௌதி" என்றேன். "மனுஷன் ஊர் முன்னாடி இறங்கி வந்தான்."

"அறை விழும்னு இறங்கி வந்தான். ஆட்டுக்கு ஆடு சரியாப்போச்சு. சிரிச்சதுக்கு?"

"நீ போய் உளறிடாதே ரூனா" என்றாள் ஸ்வாலா. "இது எங்க வீட்டு விஷயம்."

எனக்கும் தோர்மர்மேல் கோபம் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில் டீசா வந்தாள். ஆடு அறுக்கிற பருவத்தில் வருடா வருடம் வருவாள், அம்மாவுக்கு இரைப்பை தைத்துக் கொடுப்பாள், அப்படியே பாதிப் பள்ளத்தாக்குக்கும் முடி வெட்டிவிடுவாள். சமையலறை நாற்காலியில் ஒவ்வொருவராக உட்காருவார்கள். சமாதானம் ஆகிவிட்டதல்லவா, தோர்மரும் வந்தான். புகைபோட்ட மீன் ஒன்று கொண்டுவந்தான்.

ஸ்வாலா அவனுக்குக் காப்பி ஊற்றினாள். முறுக்கிப் பொரித்த இனிப்பு ரொட்டியைத் தட்டில் வைத்து அவன் எடுப்பதற்கு வசதியாக நகர்த்தினாள். எடுக்கிற கையைப் பார்க்கத்தான். முடி வெட்டி முடிகிறவரை அவள் கண் அவன் கையைவிட்டு அகலவில்லை, கௌதியின் கண்ணும்தான். மோதிர விரல் நன்றாக வளைந்திருந்தது. கதவு மூடியதும் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு குளிர்காலம். இருட்டு, புல் போடுவது, கிடாவைச் சேர்ப்பது. தோர்மர் வருவானா, எப்போது வருவான் என்பதுதான் மேட்டுப்பண்ணையில் பேச்சு. "வந்து கேக்கணும், நீ தெரியும்னு சொல்லணும், அவன் மூஞ்சியை நான் பாக்கணும்" என்பாள் ஸ்வாலா. "அவனுக்குத் தெரியாம நடக்கறது பழியே இல்லை." ஊசி மருந்து நின்றுபோன செய்தி வானொலியில் வருகிற செய்தியா என்ன? அவளே ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி போட்டு விசாரித்தாள். கடைசிக் குப்பியும் தீர்ந்துவிட்டது என்றார்கள். அன்றைக்கு எனக்கு அப்பம் சுட்டுக் கொடுத்தாள்.

மார்ச்சில் ஒரு மத்தியானம், பிள்ளைகளைக் கொண்டுபோவதற்கு இன்னும் நேரம் இருந்ததால் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். தோர்மர் வந்தான். பனிக்காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்தான். வலது கையை மேசைமேல் வைத்தான். இரண்டு விரல் மடங்கியிருந்தது.

ஸ்வாலா காப்பி ஊற்றினாள். அவள் கன்னம் சிவந்திருந்தது, கல்யாணப் பெண் மாதிரி.

"காய்ப்பு போகலையா?" என்றான் கௌதி.

"போகலை." தோர்மர் இடது கையால் கோப்பையை எடுத்தான். "அன்னிக்குப் பட்டியில கை குடுத்தப்பவே உனக்குத் தெரியுமா?"

ஆறு மாதமாகக் காத்திருந்த கேள்வி. கௌதி அவசரப்படவில்லை. "தெரியும்" என்றான். "தொட்டதுமே தெரியும். மருந்து நிக்கப்போகுதுன்னும் தெரியும். நீ சிரிச்சது ஞாபகம் இருந்துச்சு, சொல்லலை."

ஸ்வாலா தோர்மரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒன்றும் ஆகவில்லை.

"அக்டோபர்லயே எனக்குத் தெரியும்" என்றான் தோர்மர்.

"என்ன தெரியும்?"

"கொழுப்புத் தேய்ச்சுப் பார்த்தேன், போகலை. அந்த சோல்வெய்க் கிட்ட நானே போனேன். என் பங்காளியும் உங்ககிட்ட வந்தான்னேன். அதுக்கு அந்தம்மா, இது ரத்தத்துல வர்றது, வர்ற எல்லார்கிட்டயும் சொந்தக்காரங்களுக்குச் சொல்லச் சொல்றேனேன்னா. அப்பத்தான் புரிஞ்சுது நீ ஏன் கையை விடலைன்னு. இருக்கற மருந்துக்கெல்லாம் ஆள் எழுதியாச்சு, உனக்கு இல்லைன்னுட்டா. அறுத்துக்கோன்னா. நான் அறுத்துக்கமாட்டேன்னு உனக்குத்தான் தெரியுமே."

"அப்பவே வந்து கேட்டிருக்கலாமே" என்றாள் ஸ்வாலா. குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

"வரலாம்னுதான் இருந்தேன். அப்புறம் அந்தம்மா இன்னொண்ணு சொன்னா. ஒரே ஒரு குப்பி தனியா எடுத்து வைக்கிறேன், உங்க வம்சத்துல சின்ன வயசுல, கையால பிழைக்கிற ஆள் யாருக்காவது ஆரம்பிச்சிருந்தா கிறிஸ்துமஸுக்குள்ள அனுப்புன்னா." காப்பியை ஒரு வாய் குடித்தான். "அடுத்த வாரம் டீசா எனக்கு முடி வெட்டினா. இதே நாற்காலியில. கத்தரிக்கோல் வளையத்துக்குள்ள மோதிர விரலை விடாம நடுவிரலை விட்டு வெட்டிட்டிருந்தா. ஏன்டா குட்டி அப்படின்னு கேட்டேன். அந்த விரல் விறைக்குது சித்தப்பா, வேலை ஜாஸ்தின்னா. உள்ளங்கையைக் காட்டினா."

கௌதி எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நீங்க ரெண்டு பேரும் இங்கதான் நின்னீங்க" என்றான் தோர்மர். "என் கையையே பார்த்துக்கிட்டு நின்னீங்க. நான் அவகிட்ட, ரெண்டு நாள் ரெஸ்ட் எடும்மா, சரியாயிடும்னு சொன்னேன்."

எனக்கு அந்த நாள் கண்முன்னே வந்தது. நானும் அந்தச் சமையலறையில்தான் இருந்தேன். டீசாவின் கையைப் பார்த்த ஞாபகமே இல்லை.

ஸ்வாலா தொலைபேசியை எடுத்தாள். எண்ணைத் தப்பாக அழுத்திவிட்டு மறுபடி அழுத்தினாள். டீசாவின் கடையில் முடி உலர்த்துகிற இயந்திரச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"டீசா, வலது கையை மேசைமேல வை. கவுத்து வை. கேள்வி கேக்காதே, வை. படியுதா?"

"என்னம்மா, கடையில ஆள் இருக்காங்க."

"படியுதாடி?"

இயந்திரச் சத்தம் நின்றது. "இல்லையே" என்றாள் டீசா. "கொஞ்ச நாளாவே படியலை. ரெண்டு விரல். ஏன், அப்பாவுக்கு வந்த மாதிரியா? பரவாயில்லம்மா, அந்த ஊசிதான் இருக்கே, நானும் போட்டுக்கறேன். அந்த டாக்டர் நம்பரை அப்பாகிட்ட வாங்கிக் குடு."

தோர்மர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையைத் தொட்டியில் கொண்டுபோய் வைத்தான். காலணி மாட்டுகிற சத்தம் நடையிலிருந்து கேட்டது. ஸ்வாலா தொலைபேசியைக் கௌதியிடம் நீட்டினாள்.

"அப்பா?" என்றாள் டீசா. "அப்பா, இருக்கீங்களா?"

கௌதி கையை நீட்டவில்லை.